ஐம்பது ஆண்டுத் தண்டனை

பிரேசில் நாட்டின் தண்டனைச் சட்டம் நெடுங்காலம் ஒரு வரம்பைப் பேணி வந்தது. ஒருவன் எத்துணைக் கொடிய குற்றம் புரிந்தவனாயினும், அவனை 30 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வைத்திருக்கலாகாது என்பதே அவ்வரம்பு. 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம்தான் அதனை 40 ஆண்டுகளாக உயர்த்தியது. பழைய வரம்பைச் சுட்டிக்காட்டி, தம் முதுமைக் காலத்தில் ஒருவர் பலமுறை முறையிட்டார். என் நாட்டில் மிகப் பெரிய தண்டனையே 30 ஆண்டுகள்தாம். நானோ செய்யாத குற்றத்திற்காக 50 ஆண்டுகளாகத் தண்டனை அனுபவிக்கிறேன் என்பது அம்முறையீட்டின் சாரம். அவர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நடந்ததில்லை. அவர் செய்ததெல்லாம், 1950ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், தம்மை நோக்கி வந்த பந்து ஒன்றைத் தடுக்கத் தவறியதுதான்.

அவர் பெயர் மொவாசிர் பார்போசா. பிரேசில் கால்பந்து அணியின் கோல்கீப்பர்.

விளையாட்டு வீரர்களைப் போற்றுவதும் தூற்றுவதும் நமக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. நேற்றுத் தோளில் சுமந்தவனை இன்று தெருவில் போட்டு மிதிக்கிறோம். நாளை மீண்டும் சுமக்கிறோம். பெரும்பாலும் இதனால் யாருக்கும் நிலையான கேடு நேர்வதில்லை என்று எண்ணிக்கொண்டு, நாளிதழின் அடுத்த பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைப் பார்போசாவின் வரலாறு எனக்குக் கற்பித்தது. அதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. குருமடத்தில் பயின்ற நாள்களில் நானும் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவன். திறமையினால் அன்று, ஓடுவதற்கு மூச்சு இல்லாமையால். பத்துப் பேர் செய்யும் பிழைகள் புல்லோடு மறைந்து போகும். பதினோராம் ஆளின் பிழை மட்டும் பலகையில் எண்ணாக எழுதப்படும் என்பதை அங்கே நின்றவர்கள் அறிவார்கள்.

அந்த ஞாயிறு மாலையைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய வாரங்களைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரினால் 12 ஆண்டுகள் தடைப்பட்டிருந்த உலகக் கோப்பைப் போட்டியை 1950இல் நடத்தும் பொறுப்பைப் பிரேசில் ஏற்றது. இதற்காகவே ரியோ டி ஜனேரோ நகரில் மரக்கானா அரங்கம் எழுப்பப்பட்டது. 1948ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய வேலை இரண்டாண்டுகளில் முடிந்தும் முடியாத நிலையில், சாரங்கள் முழுவதும் அகற்றப்படுவதற்கு முன்னரே, போட்டி தொடங்கிவிட்டது. உலகிலேயே பெரிய அரங்கம் என்ற பெருமிதம் அந்த மக்களுக்கு. (அந்தப் போட்டிக்கு இந்தியாவும் தகுதி பெற்றிருந்தது என்பதையும், நம்மவர்கள் செல்லவில்லை என்பதையும் நினைவூட்டலாம். வெறுங்காலோடு ஆட அனுமதி மறுக்கப்பட்டதால்தான் போகவில்லை என்ற கதையை நம் நாளிதழ்கள் பல தலைமுறைகளாகச் சொல்லி வந்திருக்கின்றன. உண்மையில், அக்காலத்தில் நம் அமைப்பாளர்களுக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தோன்றியது. உலகக் கோப்பையின் அருமை தெரியவில்லை. அணித் தேர்விலும் கருத்து வேறுபாடுகள் இருந்தன. சுவையான கதை உண்மையை எளிதில் தள்ளிவிடும். இது பின்னர் நமக்குத் தேவைப்படும் பாடம்.)

அந்த ஆண்டுப் போட்டியில் இறுதி ஆட்டம் என்று தனியே ஒன்று கிடையாது. முதற்சுற்றில் வென்ற நான்கு அணிகள் தமக்குள் ஆடி, அதிகப் புள்ளி பெறும் அணி கோப்பையைக் கொள்ளும் என்பது ஏற்பாடு. பிரேசில், சுவீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் நொறுக்கியது. உருகுவே, ஸ்பெயினோடு 2-2 எனச் சமன் செய்து, சுவீடனை 3-2 என மூச்சிரைக்க வென்றது. ஆகவே இவ்விரு அணிகளும் மோதிய கடைசி ஆட்டத்தில் பிரேசில் வெல்லவும் தேவையில்லை. தோற்காமல் இருந்தால் போதும்.

ஆட்டத்திற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. ரியோவின் ‘ஓ முண்டோ’ நாளிதழ் பிரேசில் வீரர்களின் படத்தை அச்சிட்டு, இவர்களே உலக வாகையர் என்று அறிவித்தது. அணி தங்கியிருந்த அமைதியான இடத்தை மாற்றி, நகருக்குள் வாஸ்கோ ட காமா கழகத்தின் அரங்கத்திற்குக் கொண்டுவந்தார்கள். அது தேர்தல் ஆண்டு. அரசியல்வாதிகள் சாரி சாரியாக வந்து வீரர்களின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னர், ரியோ நகரத் தலைவர் ஒலிபெருக்கியில் பேசினார். சில மணி நேரத்தில் கோடிக்கணக்கான மக்கள் வாகையர் என வாழ்த்தப்போகும் வீரர்களே என்று விளித்தார். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரான பிரெஞ்சுக்காரர் ஜூல் ரிமே, பிரேசிலை வாழ்த்திப் போர்த்துக்கேய மொழியில் ஓர் உரையை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். உருகுவேக்கென்று அவரிடம் உரை ஏதும் இல்லை.

இத்தனைக்கும் உருகுவே எளிய அணி அன்று. 1930ஆம் ஆண்டின் முதல் உலகக் கோப்பையை வென்றது அதுவே. அதற்கு முன் 1924, 1928 ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்றது. அவ்வளவு தூரம் போவானேன்? உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம் முன்பு, மே மாதத்தில், பிரேசில் மண்ணிலேயே பிரேசிலை 4-3 என வென்றிருந்தது. அதனைத் தொடர்ந்த இரு ஆட்டங்களில் பிரேசில் வென்றாலும் ஒவ்வொன்றும் ஒரே கோல் வேறுபாட்டில்தான். இந்த எண்கள் எல்லா நாளிதழ் அலுவலகங்களிலும் இருந்தன. எவரும் அவற்றைப் பார்க்க விரும்பவில்லை.

அன்று கட்டணம் செலுத்தி நுழைந்தோர் மட்டும் 1,73,850 பேர். உண்மையில் இரண்டு லட்சம் பேர் இருந்திருப்பர் என்பது பொதுவான கணிப்பு. அன்றைய ரியோவின் மக்கள்தொகை ஏறக்குறைய 24 லட்சம். நகரில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் அந்த ஒரே கட்டடத்திற்குள் இருந்தார் என்றால் மிகையாகாது. முற்பாதியில் கோல் இல்லை. பிற்பாதி தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில், அதாவது 47ஆம் நிமிடத்தில், பிரேசிலின் ஃபிரியாசா கோல் அடித்தார். அரங்கம் அதிர்ந்தது. உருகுவேயின் தலைவர் ஒப்துலியோ வரேலா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆங்கிலேய நடுவரிடம் மெதுவாக நடந்து சென்று, நீண்ட நேரம் முறையிட்டுக்கொண்டிருந்தார். முறையீட்டில் பொருள் ஏதுமில்லை. ஆரவாரம் ஆறட்டும் என்பதே அவர் எண்ணம். இரண்டு லட்சம் பேர் கூடிய அவ்விடத்தில் அமைதியாக இருந்தவர் அவர் ஒருவர்தான் போலும்.

66ஆம் நிமிடம். உருகுவேயின் வலப்புற ஆட்டக்காரர் அல்சிடெஸ் கிஜ்ஜியா, தம்மைக் காவல் காத்த பிகோடேயைக் கடந்து ஓரமாக ஓடி, பந்தை நடுவே அனுப்பினார். ஸ்கியாஃபினோ அதனைக் கோலாக்கினார். ஆட்டம் 1-1. இப்போதும் கோப்பை பிரேசிலுக்கே. ரிமே தம் இருக்கையை விட்டு எழுந்து, கோப்பை வழங்கும் ஆயத்தத்திற்காகப் படிகளில் இறங்கத் தொடங்கினார்.

79ஆம் நிமிடம். அதே கிஜ்ஜியா, அதே ஓரம், அதே பிகோடேயைக் கடந்து ஓடுகிறார். பார்போசா என்ன செய்ய வேண்டும்?

இங்கே சற்று நிற்போம். ஏனெனில் ஐம்பது ஆண்டுத் தீர்ப்பு முழுவதும் இந்த ஒரு நொடியின் மேல்தான் கட்டப்பட்டது. ஓரத்திலிருந்து ஒருவன் பந்தோடு வரும்போது கோல்கீப்பருக்கு இரண்டு வழிகள். அருகிலுள்ள கம்பத்தை ஒட்டி நின்று, நேரே வரும் பந்தைத் தடுக்கலாம். அல்லது ஓரடி முன்னே வந்து, நடுவே செல்லும் பந்தை இடைமறிக்கலாம். இரண்டையும் ஒருசேரச் செய்ய மனிதனால் ஆகாது. பதின்மூன்று நிமிடங்களுக்கு முன் இதே மனிதன் இதே இடத்திலிருந்து பந்தை நடுவேதான் அனுப்பினான். இப்போதும் நடுவே உருகுவே வீரர்கள் ஓடி வருகிறார்கள். அவ்வளவு குறுகிய இடைவெளியில் நேராக அடிப்பது அறிவுடைமை அன்று. எனவே பார்போசா ஓரடி முன்னே வந்தார். கிஜ்ஜியா நேராக அடித்தார். பார்போசா இடப்புறம் பின்னோக்கித் தாவினார். விரல்கள் பந்தைத் தொட்டன. பந்தை வெளியே தள்ளிவிட்டதாகவே அவர் எண்ணினார். எழுந்தபோது அரங்கத்தில் ஒலியே இல்லை. அந்த அமைதியைக் கேட்டுத்தான், பந்து வலைக்குள் கிடப்பதை உணர்ந்ததாக அவரே பின்னாளில் சொன்னார்.

அந்தப் பந்தை அடித்தவரே இதைப் பற்றித் தெளிவான கருத்து உடையவராயிருந்தார். பார்போசா முறையானதைச் செய்தார். முறையற்றதைச் செய்தவன் நான் என்பது கிஜ்ஜியாவின் கூற்று. அறநெறி இறையியல் பயின்றோர்க்கு இவ்வகைக் கேள்வி புதிதன்று. ஒருவன் செயலை எடை போடும்போது, அவன் அறிந்திருந்தது என்ன, எண்ணியது என்ன, அவனுக்கு இருந்த வழிகள் யாவை என்று கேட்கிறோம். விளைவை மட்டும் வைத்துத் தீர்ப்பிடுவதில்லை. ரசிகனோ விளைவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடந்து குற்றத்தைக் கண்டுபிடிக்கிறான். பந்து உள்ளே போயிற்று, ஆகவே அவன் நின்ற இடம் தவறு. பந்து வெளியே போயிருந்தால், அதே இடம் மேதைமை.

ஆட்டம் 2-1 என முடிந்தது. படிகளில் இறங்கிக் கீழே வந்த ரிமே, வெளியே வந்து கண்டது பேச்சற்ற கூட்டத்தை. எந்தச் சடங்குமின்றி, நெரிசலுக்கிடையே வரேலாவைத் தேடிக் கோப்பையைக் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். பின்னாளில் கிஜ்ஜியா வேடிக்கையாகச் சொல்வதுண்டு: மரக்கானாவை வாய்மூட வைத்தவர்கள் மூவர், திருத்தந்தை, பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, நான். திருத்தந்தையோடு தம்மை நிறுத்திக்கொண்ட துணிவை நாம் பொறுத்துக்கொள்ளலாம். அவர் சொன்னதில் மிகை குறைவு.

அன்றிரவு வரேலா தம் அணியினரின் கொண்டாட்டத்தை விட்டு வெளியேறி, ரியோவின் மதுக்கடைகளில் அழுதுகொண்டிருந்த பிரேசில் மக்களோடு அமர்ந்து விடியும்வரை குடித்தார். இவர்களையா இப்படி அழவைத்தோம் என்று வருந்தியதாகச் சொல்லியிருக்கிறார். வென்றவனுக்குத் தோற்றவர்கள் மேல் பரிவு இருந்தது. தோற்ற மக்களுக்கோ தம்முடைய ஆட்டக்காரர்கள் மேல் அது இல்லாமற் போயிற்று.

ஆட்டத்திற்கு முன்னரே வாகையர் எனத் தலைப்பிட்ட ஆசிரியர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. அணியின் அமைதியைக் குலைத்த அரசியல்வாதிகளையும் கேட்கவில்லை. தங்குமிடம் மாறியதைத் தடுக்காத பயிற்சியாளர் ஃபிளாவியோ கோஸ்டா மீது ஓரளவு பழி விழுந்தது. ஆனாலும் ஐந்தாண்டுகளில் தேசிய அணியின் பொறுப்பு அவரிடமே திரும்பி வந்தது. உருகுவே சிறப்பாக ஆடியது என்ற எளிய விளக்கத்தை ஏற்பதற்கும் எவருமில்லை. குற்றவாளிகளாக நின்றவர்கள் மூவர்: கோல்கீப்பர் பார்போசா, தடுப்பாட்டக்காரர்கள் பிகோடே, ஜுவெனல். மூவரும் கறுப்பினத்தவர்.

இது தற்செயல் என்று சொல்வது கடினம். அமெரிக்கக் கண்டத்தில் அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடு பிரேசில், ஆண்டு 1888. பார்போசா பிறந்தது அதற்கு 33 ஆண்டுகளுக்குப் பின், 1921இல், கம்பினாஸ் நகரில். கால்பந்து அந்நாட்டிற்கு வந்தபோது அது செல்வந்த வெள்ளையரின் விளையாட்டு. 1923இல் வாஸ்கோ ட காமா கழகம் கறுப்பினத்தவரையும் தொழிலாளரையும் கொண்ட அணியோடு ரியோவின் வாகையைச் சூடியபோது, மற்றப் பெரிய கழகங்கள் தனிச் சங்கம் அமைத்து, வாஸ்கோ சேர வேண்டுமானால் 12 ஆட்டக்காரர்களை நீக்க வேண்டும் என நிபந்தனை விதித்தன. 1924 ஏப்ரல் 7ஆம் நாளிட்ட மடலில் வாஸ்கோவின் தலைவர் மறுத்துவிட்டார். பார்போசா புகழ்பெற்றது அந்தக் கழகத்தில்தான். ‘பிரேசிலிய கால்பந்தில் கறுப்பர்’ என்ற நூலை 1947இல் எழுதிய இதழாளர் மாரியோ ஃபில்யோ, மரக்கானா எழுவதற்காகப் பெரிதும் வாதாடியவர். அரங்கத்திற்கு இன்று அவர் பெயர்தான் அதிகாரப்பூர்வமாக வழங்குகிறது. முதற்பதிப்பில், கால்பந்து இனவேற்றுமையை வென்றுவிட்டது என்ற நம்பிக்கை தொனித்தது. 1964இல் வந்த இரண்டாம் பதிப்பிலோ, 1950இன் தோல்விக்குப் பின் கறுப்பினத்தவரே பழிக்கப்பட்டதை அவர் எழுத நேர்ந்தது.

பிகோடேயைப் பற்றிப் பரவிய கதை, ஊடகம் எவ்வாறு தீர்ப்பிடுகிறது என்பதற்குத் தனிச் சான்று. ஆட்டத்தின் நடுவே வரேலா அவரைக் கன்னத்தில் அறைந்தார். அவர் திருப்பி அடிக்காமல் அஞ்சி ஒடுங்கினார். அதனால்தான் கிஜ்ஜியா எளிதில் கடந்தார் என்று பேசினார்கள், எழுதினார்கள். அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று அறைந்ததாகச் சொல்லப்பட்டவரும் அறை வாங்கியதாகச் சொல்லப்பட்டவரும் மறுத்தார்கள். கேட்பார் இல்லை. கோழை என்ற பெயர் பிகோடேக்கு நிலைத்துவிட்டது. வெறுங்கால் கதையைப் போலவே இதுவும். ஒரு வேறுபாடு, அந்தக் கதை எவரையும் புண்படுத்தவில்லை.

பிரெஞ்சு அறிஞர் ரெனே ஜிரார் 1982இல் வெளியிட்ட ‘பலியாடு’ என்ற நூலில் இத்தகைய நிகழ்வுகளின் போக்கை விளக்குகிறார். நெருக்கடியில் சிதறும் ஒரு சமுதாயம், தன்னுள் ஏற்கெனவே ஏதேனும் ஒருவகையில் வேறுபட்டு நிற்கும் ஒருவர் மேல் எல்லாப் பழியையும் சுமத்தி, அதன்மூலம் மீண்டும் ஒன்றுபடுகிறது என்பது அவர் கருத்து. லேவியர் நூலில் பாலைநிலத்திற்கு ஓட்டிவிடப்படும் ஆட்டை நம் வாசகர்கள் அறிவர். அந்த ஆடு ஒருமுறை போனால் போனதுதான். ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் அதை மீண்டும் மீண்டும் ஓட்டுவதில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பார்போசாவை அன்றாடம் அருகிலிருந்து பார்த்தவர்கள் அவரைக் கைவிடவில்லை. தோல்வியடைந்த அதே ஆண்டின் ரியோ வாகையை வாஸ்கோ வென்றது; கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் பார்போசாதான். 1952இலும் அவ்வாறே. கையுறை அணியாமல் ஆடியவர் அவர். 1953இல் மீண்டும் ஒரேயொரு முறை தேசிய அணிக்கு ஆடினார். அதே ஆண்டில் கால் முறிந்தது. பிறகு தேசிய அணியின் கதவு திறக்கவில்லை. ஆயினும் 1962 வரை, நாற்பது வயது கடந்தும், கழகங்களுக்கு ஆடிக்கொண்டிருந்தார். வாரந்தோறும் ஒருவனைப் பார்ப்பவன் அவனுடைய நூறு செயல்களை அறிகிறான். செய்தித்தாளில் மட்டும் அறிபவனுக்கு ஒரே செயல் போதுமானதாகிவிடுகிறது.

அந்த அணி உடுத்திய வெள்ளைச் சட்டைக்கும் தீர்ப்பு கிடைத்தது. அதில் நாட்டுப்பற்றே இல்லை என்று முடிவு செய்து, 1953இல் ஒரு நாளிதழ் புதிய சட்டைக்குப் போட்டி வைத்தது. நாட்டுக் கொடியின் நான்கு நிறங்களையும் கொண்டு மஞ்சள் சட்டையை வரைந்து பரிசு பெற்றவர், உருகுவே எல்லையோரச் சிற்றூரைச் சேர்ந்த அல்திர் ஷ்லீ என்ற இளைஞர். தம் உள்ளம் உருகுவே அணியின் பக்கமே என்று அவர் பின்னாளில் கூறியதை எண்ணிச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. சட்டையை மாற்றினார்கள், அது முடிந்தது. மனிதனை என்ன செய்வது?

வென்றால் மறந்துவிடுவார்கள் என்று தோன்றும். 1958, 1962, 1970 என மூன்று முறை பிரேசில் கோப்பையை வென்றது. அவ்வெற்றிகளுக்குப் பின்னர் ஒருநாள், கடையில் நின்றிருந்த பார்போசாவைச் சுட்டிக்காட்டி ஒரு தாய் தன் மகனிடம், அதோ பார், பிரேசில் நாட்டையே அழவைத்த மனிதன் என்றாளாம். அந்தச் சிறுவன் 1950இல் பிறந்தேயிருக்கவில்லை. இதனைத் தம் வாழ்வின் மிகத் துயரமான கணமாகப் பார்போசா சொல்லி வந்தார். இழந்தது திரும்பக் கிடைத்துவிட்டது, மும்மடங்காகக் கிடைத்தது. ஆனாலும் கடன் தீரவில்லை. அப்படியானால் அது கோப்பைக்கான கடன் அன்று.

மற்றவர்களுக்கு இந்தக் கண்டிப்பு இல்லை என்பதையும் காண்கிறோம். 1958இல் முதல் கோப்பையைப் பெற்றுத் தந்த பயிற்சியாளர் விசென்டே ஃபியோலா, 1966இல் முதற்சுற்றோடு வெளியேறியபோது ஏசப்பட்டார். ஆனால் வரலாறு அவரை 1958இன் பயிற்சியாளராகவே நினைவில் வைத்திருக்கிறது. 1969இல் கூட்டமைப்பு ஒரு விந்தையான வழியைக் கையாண்டது. கடுமையாக விமரிசிக்கும் இதழாளர் ஜோவோ சல்தான்யாவையே பயிற்சியாளராக அமர்த்தியது. தம்முள் ஒருவரை இதழாளர்கள் அதிகம் தாக்கமாட்டார்கள் என்பது கணக்கு என்பர். ஆறு தகுதி ஆட்டங்களையும் வென்ற அவர், உலகக் கோப்பைக்குச் சில மாதங்கள் முன்பே நீக்கப்பட்டார். பேனாவைப் பிடித்தவனுக்கும் அந்த நாற்காலி சூடாகத்தான் இருந்தது. 1990இல் பிரேசில் தோற்றபோது, அந்த வறண்ட ஆட்டமுறை முழுவதற்கும் துங்கா என்ற ஒரே ஆட்டக்காரரின் பெயரைச் சூட்டி, ‘துங்கா காலம்’ என ஏளனம் செய்தார்கள். நான்கே ஆண்டுகளில் அதே துங்கா அணித்தலைவராக நின்று கோப்பையை உயர்த்தினார். உயர்த்தும்போதே இதழாளர்களை ஏசித் தீர்த்தார். அவருக்குப் பதில் சொல்ல ஒரு மேடை கிடைத்தது. பார்போசாவுக்கு அது கிடைக்கவில்லை. உலகக் கோப்பையில் கறுப்பினக் கோல்கீப்பர் ஒருவரை முதல்நிலைக் காவலராக நம்பி நிறுத்த, 2006இல் தீதா வரும்வரை பிரேசில் காத்திருந்தது.

ஓய்வு பெற்ற பின் பார்போசா பணியாற்றியது எங்கே தெரியுமா? மரக்கானா அரங்கத்தில். பிழைப்பு அவரை அங்கேயே கொண்டு சேர்த்தது. பழைய மரக் கம்பங்களை மாற்றியபோது அவை அவருக்கே கொடுக்கப்பட்டன என்றும், அவர் அவற்றை எரித்து, அந்த நெருப்பில் இறைச்சி சுட்டு நண்பர்களுக்கு விருந்து வைத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. நடந்ததோ, நடந்திருக்கக்கூடாதா என்று யாரோ ஏங்கியதோ. இன்னொரு கற்பனையும் உண்டு. 1988இல் வெளிவந்த ‘பார்போசா’ என்னும் குறும்படத்தில், சிறுவனாக அந்த ஆட்டத்தைக் கண்டு மனமுடைந்த ஒருவன், காலத்தில் பின்னோக்கிச் சென்று, கோல் கம்பத்திற்குப் பின்னால் நின்று பார்போசாவை எச்சரிக்கக் கூவுகிறான். அந்தக் கூவலில் பார்போசாவின் கவனம் சிதறுகிறது. பந்து உள்ளே போகிறது. ரசிகனைப் பற்றி இதைவிட நேர்மையாக ஒருவர் படம் எடுத்துவிட முடியாது என்பேன்.

1993ஆம் ஆண்டு. அடுத்த உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. எழுபதைக் கடந்த பார்போசா, தெரெசோபோலிஸ் நகரில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த தேசிய அணி வீரர்களைக் காணச் சென்றார். வாழ்த்துச் சொல்லவே சென்றார். அவரைப் பார்த்தால் தீய சகுனம் என அஞ்சி உள்ளே விட மறுத்துவிட்டார்கள். இந்நிகழ்ச்சியை நான் முதலில் படித்தபோது, நாற்பத்து மூன்று ஆண்டுகளில் அந்தக் குற்றச்சாட்டு எப்படி உருமாறியிருக்கிறது என்பதைத்தான் கவனித்தேன். தொடக்கத்தில் அவர் ஒரு பிழை செய்தவர். பிறகு நாட்டையே அழவைத்தவர். கடைசியில் கண்ணில் படக்கூடாதவர். பிழை செய்தவன் திருத்திக்கொள்ளலாம், மன்னிப்புக் கேட்கலாம். சகுனமாகிவிட்டவன் என்ன செய்ய முடியும்? பார்வையால் தீட்டுப்படுத்துபவன் என்று ஒரு மனிதனை ஒதுக்குவது என்னவென்று நம் நாட்டவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

1997இல் அவர் மனைவி இறந்தார். கடலோர நகரமாகிய பிரையா கிராந்தேயில், வாஸ்கோ கழகம் அளித்த உதவித்தொகையைக் கொண்டும் நண்பர்களின் அன்பைக் கொண்டும் எஞ்சிய நாள்களைக் கழித்தார். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் காலமானார். அவருக்கு வயது 79. கறுப்பின ஆட்டக்காரர்களை நீக்க மாட்டோம் என்று வாஸ்கோ மடல் எழுதியதும் ஓர் ஏப்ரல் 7ஆம் நாளில்தான். அண்மை ஆண்டுகளில் அந்தக் கழகம் தன் பயிற்சித் திடலுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறது.

2014ஆம் ஆண்டு உலகக் கோப்பை மீண்டும் பிரேசிலுக்கு வந்தது. ஜூலை 8ஆம் நாள், பெலோ ஓரிசோன்டே நகரில், தம் மக்களின் கண்முன்னே பிரேசில் ஜெர்மனியிடம் 7-1 எனத் தோற்றது. மறுநாள் ரியோவின் நாளிதழ் ஒன்று, 1950ஆம் ஆண்டு இரண்டாம் இடம் பெற்ற வீரர்களுக்கு முதற்பக்கத்தில் வாழ்த்துக் கூறியது. பெரும் அவமானத்தைத் தேடித் தந்தவர்கள் என்று இத்தனை காலம் பழிக்கப்பட்டவர்களே, உண்மையான அவமானம் எது என்பதை நேற்றுத்தான் தெரிந்துகொண்டோம் என்ற பொருளில் எழுதியது.

அந்தப் பதினொருவரில் கடைசியாக வாழ்ந்திருந்த ஜுவெனல் 2009ஆம் ஆண்டு அக்டோபரிலேயே இறந்துவிட்டார். வாழ்த்து அச்சான அன்று, 1950இல் களத்தில் நின்ற இருபத்திரண்டு பேரில் உயிரோடிருந்தவர் ஒருவரே. 87 வயதான கிஜ்ஜியா.